எட்டு வாரம் நைஜீரியா, மரவள்ளி, கிராமத்து இளைஞர்கள்: கேள்வித்தாளை எப்படி அமைப்பது?

#1 ராசிபுரத்து அம்மிணி

வணக்கமுங்க. பி.எஸ்சி. வேளாண்மை கடைசி வருஷம். ஜூன் மாசம் நைஜீரியாவுல இபாதான் நகரத்துல இருக்கிற ஐ.ஐ.டி.ஏ.வுல (சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம்) எட்டு வார ஆய்வுப் பயிற்சி. ஐ.ஐ.டி.னு படிச்சுட்டு வாழ்த்துச் சொல்ற ஒறம்பரைகளுக்குப் பதில் சொல்லியே ஓய்ஞ்சாச்சு, இங்கேயாவது சரியாப் படிங்க.

வேலை இதுதான்: ஓயோ மாநிலத்துல மரவள்ளி விளையிற கிராமங்கள்ல இளைஞர்களைப் பார்த்து, அவங்க பண்ணையத்துல நிக்கிறாங்களா, விட்டுப் போறாங்களா, என்ன காரணம்னு கேட்டு அறிக்கை தரணும். ராவே (கிராம வேளாண் பணி அனுபவம்) முகாம்ல கத்துக்கிட்டது தவிர கணக்கெடுப்புப் பழக்கம் கிடையாது. 40 கேள்வி எழுதி வெச்சிருக்கேன். முதல் கேள்வி: "உங்களுக்கு விவசாயம் பிடிக்குமா?" போறதுக்கு முன்னாடி ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமும் அதே கேள்விகளைக் கேட்டு, ரெண்டு ஊரையும் ஒப்பிடலாம்னு எண்ணம். எங்கே சறுக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 களக்குறிப்பு

முதல் கேள்வியை அடிச்சுடுங்க அம்மிணி. வெளியூர்ல இருந்து ஒரு வேளாண் மாணவி வந்து திண்ணையில உக்காந்து "விவசாயம் பிடிக்குமா"னு கேட்டா, பத்துக்கு எட்டுப் பேர் பிடிக்கும்னுதான் சொல்லுவாங்க. அது பதில் இல்லீங்க, மரியாதை. மீதி ரெண்டு பேர் பிடிக்காதுனு சொன்னா, அப்பா பக்கத்துல இல்லைனு அர்த்தம்.

விருப்பத்தைக் கேக்காதீங்க, நடந்ததைக் கேளுங்க. போன ஏழு நாள்ல காட்டுக்கு எத்தனை நாள் போனாங்க, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். அந்த வேலைக்குக் கூலி உண்டா, இல்லை வீட்டு வேலைக் கணக்கா. கடைசியா கிழங்கு வித்தது எப்போ, எவ்வளவு, காசு யார் கைக்கு வந்துச்சு, அதுல இவங்க பங்கு என்ன. பாடுபடற துண்டு நிலம் யாருது, அடுத்த வருஷமும் அதே இடம் கிடைக்கும்னு உறுதி இருக்கா. இந்த நாலையும் வாங்கிட்டா "நிக்கிறாரா, போறாரா"னு தனியாக் கேக்கவே வேண்டாம், பதிலே சொல்லிடும்.

இன்னொண்ணு, "விவசாயம்"ங்கிற சொல்லே குழி பறிக்கும். நம்மூர்லயே பாருங்க. பல்லடம் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போற பையன்கிட்ட "விவசாயம் பண்றீங்களா"னா இல்லைம்பான். ஆனா மும்முனைக் கரண்ட் வர்ற நேரத்துக்கு ராத்திரி எந்திரிச்சு மோட்டார் போட்டுத் தென்னைக்குத் தண்ணி கட்டறது அவன்தான். அங்கேயும் மோட்டார் சைக்கிள் ஓட்டறவர், செங்கல் அறுக்கிறவர், கூடவே மரவள்ளி போட்டவர்னு ஒரே ஆள் மூணு வேலை பாப்பார். "உங்க தொழில் என்ன"னு ஒத்தைக் கேள்வி வெச்சா மரவள்ளி காணாமப் போயிடும்.

#3 நொய்யல்கரை

// ரெண்டு ஊரையும் ஒப்பிடலாம்னு எண்ணம் //

வேண்டாமுங்க. நாமக்கல் மரவள்ளியும் ஓயோ மரவள்ளியும் பேர்லதான் ஒண்ணு. இங்கே கிணத்துப் பாசனம், சொட்டுநீர், வண்டி நேரா சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்குப் போகும். அங்கே பெரும்பாலும் மானாவாரி, கிழங்கு வயித்துக்குச் சோறு. மகசூலே எங்கேயோ நிக்குது: தமிழ்நாட்டுச் சராசரி ஹெக்டேருக்கு 30 டன்னுக்கு மேல, உலகத்துலயே அதிகம் மரவள்ளி விளைவிக்கிற நைஜீரியாவுல சராசரி 10 டன்னுக்கும் கீழ. இதை வெச்சு "நம்ம பசங்க கெட்டிக்காரங்க"னு ஒரு அறிக்கை எழுதினா யாருக்கு என்ன லாபம்?

#4 குச்சிக்காடு

நொய்யல்கரை அண்ணன் பாதி சரி. மொத்தமா ஒப்பிடக் கூடாது. ஆனா ஒண்ணே ஒண்ணை ஒப்பிடலாம், அது காசு எந்த இடத்துல உண்டாகுதுங்கிறது.

நம்ம பக்கம் கிழங்கு பிடுங்கின உடனே ஃபேக்டரிக்குப் போயாகணும். ரெண்டு மூணு நாள் தாண்டினா உள்ளே நீலக்கோடு ஓடி மாவு கெட்டுடும். ஃபேக்டரியில பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) பார்ப்பாங்க. கிழங்கைக் காத்துல ஒரு எடை, தண்ணிக்குள்ள ஒரு எடை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல காத்து எடையை வகுத்தா ஒப்படர்த்தி. அது கூடினா மாவு கூடும், பாயிண்டும் கூடும். விலை பாயிண்டுக்குத்தான். அதனால இங்கே ஒரு பையனுக்குத் தெரிய வேண்டியது ரகம், பிடுங்கற மாசம், மழைக்கு முன்னாடி வெட்டறதா பின்னாடியா, ஃபேக்டரிக்காரர் பாயிண்டை எப்படிப் போடறார். ஆலை வேற ஆளுது, களம் வேற ஆளுது. விவசாயி வீட்டுப் பையன் வாசலோட நின்னுக்குவான்.

அங்கே அப்படியில்லை. கிழங்கைத் தோல் சீவி, கழுவி, துருவி, சாக்குல கட்டி ரெண்டு முதல் அஞ்சு நாள் புளிக்க வெச்சு, பிழிஞ்சு, சலிச்சு, அகலமான சட்டியில வறுத்தா காரி, ரவை மாதிரி இருக்கும். நாலு அஞ்சு கிலோ கிழங்குக்கு ஒரு கிலோ காரி. நம்ம ஜவ்வரிசிக் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா அந்த வேலை ஊருக்குள்ளேயே, வீட்டுக்குப் பக்கத்துலயே நடக்கும். பிழியறதுக்கு இரும்புச் சட்டத்துல சாக்கை அடுக்கி லாரி ஜாக்கி வெச்சு அமுக்குவாங்க. தோல் சீவறதும் வறுக்கறதும் பெரும்பாலும் பொம்பளைங்க. துருவற மெஷின் இஞ்சின் வெச்சிருக்கிறது ஆம்பளைங்க. இளைஞர்னு கேள்வி கேட்டு மெஷின்கிட்ட நிக்கிற பசங்களை மட்டும் பிடிச்சா, சட்டிக்கு முன்னாடி புகையில உக்காந்திருக்கிற பொண்ணுங்க கணக்குல வரமாட்டாங்க. அதுதான் பெரிய தப்பாப் போகும்.

அதனால ரெண்டு ஊருக்கும் பொதுவா ஒரே கேள்வி வையுங்க: "கிழங்கு உங்க கையை விட்டுப் போறப்ப எந்த நிலையில போகுது? பச்சைக் கிழங்கா, துருவினதா, காரியா, நாற்றுக் குச்சியா?"

#5 விரிவாக்கம்

குச்சியைச் சொன்னீங்களே, அதை விட்டுடாதீங்க கண்ணு. நாத்துக் குச்சி விக்கிறது அங்கே இளைஞர்களுக்கு ஒரு தனித் தொழில். நோயில்லாத ரகக் குச்சியைப் பெருக்கி விக்கிற சின்னத் தொழில்முனைவோர்களை உருவாக்க ஐ.ஐ.டி.ஏ. திட்டங்களே இருக்கு. கணக்கு போட்டுப் பழகிக்குங்க. அங்கே பரிந்துரை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது ஹெக்டேருக்கு 10,000 குச்சி. குச்சி நீளம் 25 செ.மீ., ஒரு மீட்டர் தண்டுக்கு நாலு. 2,500 தண்டு வேணும், கட்டுக்கு 50 தண்டு வீதம் 50 கட்டு. இளைஞர் ஒருத்தர் "20 கட்டு வித்தேன்"னா ஒரு ஏக்கருக்குக் குச்சி கொடுத்திருக்கார்னு அங்கேயே மனசுல வந்துடணும். "எத்தனை ஏக்கர்"னு அவர்கிட்ட கேட்டு அவரைத் திணற வைக்க வேண்டாம்.

இங்கே 90 x 90 செ.மீ. நட்டா ஏக்கருக்கு 5,000 சுமார், 75 x 75 நட்டா 7,200 சுமார். குச்சி 15 முதல் 20 செ.மீ., எட்டு பத்து கணு, தண்டோட நடுப்பகுதி. முள்ளுவாடியா, குங்குமரோசா, ஏத்தாப்பூர் ரகமாங்கிறதை இங்கே கேக்கற மாதிரி அங்கேயும் ரகப் பேர் கேக்கணும். ஆனா ஆராய்ச்சி நிலையத்துப் பேரை (டி.எம்.இ. 419 மாதிரி) யாரும் சொல்ல மாட்டாங்க, ஊர்ப் பேர்தான் வரும். தண்டு நிறம், இலைக்காம்பு நிறம், கிழங்குத் தோல் நிறம் மூணையும் படம் பிடிச்சு வெச்சுக்குங்க, நிலையத்துல இருக்கிறவங்க பார்த்துச் சொல்லுவாங்க.

#6 ராசிபுரத்து அம்மிணி

ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா. முதல் கேள்வி போயிடுச்சு. ரெண்டு சந்தேகம். இளைஞர்னா எந்த வயசு வரைக்கும்? எத்தனை பேரைப் பார்க்கணும்? துறையில ஒரு ஐயா 384னு சொன்னார்.

#7 களக்குறிப்பு

வயசுல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் மறுக்கிறாங்க. ஐ.நா. புள்ளிவிவரத்துக்கு 15 முதல் 24. இந்தியாவோட 2014 தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29. நைஜீரியாவோட 2019 கொள்கையும் 15 முதல் 29. ஆப்பிரிக்க இளைஞர் சாசனம் 15 முதல் 35. எதையாவது ஒண்ணைத் தேர்ந்து "இளைஞர்: ஆம் / இல்லை"னு எழுதினா அப்புறம் பிரிக்க முடியாது. முடிஞ்ச வயசை எண்ணா எழுதுங்க, கூட்டறதைப் பின்னாடி பாத்துக்கலாம். 18க்குக் கீழ இருந்தா பெத்தவங்க சம்மதமும் பிள்ளையோட சம்மதமும் தனித்தனியா வேணும், நெறிக்குழு அனுமதியும் இழுக்கும். எட்டு வாரத்துல அது கட்டுபடியாகாது. 18 முதல் 35 வெச்சுக்குங்க.

384ங்கிறது பெரிய மக்கள்தொகையில, குலுக்கல் முறையில எடுத்தா, 5 சதவீதப் பிழைக்குள்ள நிக்க வேணுங்கிற எண்ணிக்கை. உங்க நாளை எண்ணுங்க. எட்டு வாரம், 40 வேலை நாள். முதல் வாரம் அறிமுகம், வண்டி, மொழிபெயர்ப்பாளர். ரெண்டாம் வாரம் கேள்வித்தாளை அந்தப் பக்கத்து மொழியான யொரூபாவுக்கு மாத்தி, வேற ஒருத்தரை வெச்சுத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்திப் பார்த்து, ஒத்திகை. கடைசி ரெண்டு வாரம் கணக்கும் அறிக்கையும். மிச்சம் 20 நாள். ஜூன், ஜூலை அங்கே மழைக்காலம், மழையும் சந்தையும் அஞ்சு நாளைத் தின்னுடும். 15 நாள், ஒரு பேட்டி 40 நிமிஷம், நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு அஞ்சு. 75 வருது. 60னு குறி வையுங்க. 60 பேர்ல பாதிப் பேர் ஒண்ணைச் சொன்னா அதுல சுமார் 13 சதவீதம் மேலே கீழே இருக்கும், அதுவும் குலுக்கி எடுத்திருந்தாத்தான். அதனால அறிக்கையில சதவீதமே போடாம "60 பேரில் 31 பேர்"னு எழுதினா யாரும் கேள்வி கேக்க முடியாது.

#8 நொய்யல்கரை

60 பேர்ங்கிறது சரி. எந்த 60 பேர்ங்கிறதுதான் விஷயம். நிலையத்துக்காரங்க கூட்டிட்டுப் போற ஊர்ல ஏற்கனவே பயிற்சி வாங்கின குழுதான் வரிசையா நிக்கும். 2012ல ஐ.ஐ.டி.ஏ.வுலயே தேசிய இளைஞர் சேவைக்கு வந்த பட்டதாரிகளை வெச்சு ஒரு இளைஞர் வேளாண் தொழில்முனைவோர் குழு தொடங்கினாங்க, நல்லா நடந்துச்சு, மத்த நாடுகளுக்கும் போச்சு. அவங்களைப் பார்க்கலாம், பார்க்கவும் வேணும். ஆனா அவங்க பட்டதாரிங்க. ஊர்ல அஞ்சாவதோட நின்ன பையனுக்கு அவங்க சாட்சி சொல்ல முடியாது. ரெண்டையும் ஒரே பையில போட்டுக் குலுக்காதீங்க.

அப்புறம், ஊர்ல இருக்கிறவங்களை மட்டும் கேட்டுட்டு "ஏன் போறாங்க"னு எழுதறது எந்த ஊர் நியாயம்? போனவங்க ஊர்ல இல்லையே. வீட்டுவீட்டாப் பேர் எழுதறப்பவே "இந்த வீட்டுல 18 முதல் 35 வயசுல வெளியூர் போனவங்க யாரு, எங்கே"னு ஒரு கட்டம் வையுங்க. அதுல 10 பேரையாவது ஃபோன்ல பிடிங்க. இபாதான்லயோ லாகோஸ்லயோதான் இருப்பாங்க, சாயங்காலம் கிடைப்பாங்க.

#9 களக்குறிப்பு

நொய்யல்கரை சொன்ன வீட்டுப் பட்டியலை எப்படிப் போடறதுன்னு: ஊருக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல தலைவரைப் பார்த்து அனுமதி வாங்குங்க, ஆனா ஆளைத் தேர்ந்து கொடுக்கச் சொல்லாதீங்க. ராவேயில போட்ட சமூக வரைபடம் இங்கேதான் உதவும். மண்ணுல இல்லை சார்ட்ல ஊரை வரையச் சொல்லி வீட்டுக்கு ஒரு கல் வைக்கச் சொல்லுங்க. 90 கல் விழுந்து 15 பேர் வேணும்னா ஆறுக்கு ஒண்ணு. வீட்டுல ரெண்டு மூணு இளைஞர் இருந்தா சீட்டுப் போட்டு எடுங்க. நீங்களா எடுத்தா கலகலனு பேசறவர்தான் கையில வருவார். பொண்ணு பையன் சரிபாதி வர்ற மாதிரி வீட்டை மாத்தி மாத்தி எடுங்க.

பதிலை ஃபோன்ல பதியற கருவிக்குக் கோபோ டூல்பாக்ஸ் போதும், இணையம் இல்லாமலே ஓடும். சிக்கல் எங்கே வரும்னா, எல்லாக் கேள்விக்கும் "கட்டாயம்"னு குறி போட்டுடறது. பதில் தெரியாதப்ப திரை நகராது, ஓட்டறதுக்காக எதையாவது தட்டி விடுவீங்க. "தெரியாது", "சொல்ல விருப்பமில்லை" ரெண்டையும் தனித்தனியா வையுங்க, ரெண்டும் ஒண்ணு இல்லை. வயசுக்கு 18 முதல் 35னு வரம்பு போடுங்க. நிலம் இல்லைனு சொன்னவர்கிட்ட நிலக் கேள்வி வராம தாவல் போடுங்க. ராத்திரி வைஃபை கிடைச்சதும் அனுப்பிடுங்க, ஃபோன் தண்ணியில விழறது அனுப்பாத நாள்லதான் நடக்கும்.

பரப்பளவுக்கு ஃபோன் ஜி.பி.எஸ்.ஸை நம்பி ஓரத்தைச் சுத்தி நடக்காதீங்க. மூணு முதல் அஞ்சு மீட்டர் தவறும். ரெண்டு ஏக்கருக்குப் பரவாயில்லை. முப்பதுக்கு முப்பது மீட்டர் துண்டுல அந்தத் தவறு ரெண்டு பக்கமும் சேர்ந்தா கணக்கே கோணல். அரை ஏக்கருக்குக் கீழ 50 மீட்டர் டேப் பிடிங்க.

#10 குச்சிக்காடு

அளவைப் பத்திப் பேச்சு வந்ததால: காரியையும் தானியத்தையும் அங்கே சந்தையில கிலோவுல விக்க மாட்டாங்க, கிண்ணத்துல அளப்பாங்க. அந்தப் பக்கத்து அளவுக்குப் பேரே "கொங்கோ". கொங்கு நாட்டு அம்மிணி போய்க் கொங்கோவுல அளக்கப் போகுது! நம்ம வள்ளம், படி மாதிரிதான். தலை தட்டினா ஒரு எடை, குவிச்சா ஒரு எடை. ஒரு கைத்தராசு கொண்டு போங்க, ஊருக்கு ஊர் மூணு கிண்ணம் நிறுத்துச் சராசரி எழுதிக்குங்க. இல்லாட்டி விலை ஒப்பீடு அத்தனையும் தண்ணி.

சந்தை நாளும் நம்ம வாரச்சந்தைக் கணக்குல வராது. பல ஊர்ச் சந்தை நாலு நாள் இடைவெளியில சுத்தி வரும், போன வாரம் செவ்வாய்னா இந்த வாரமும் செவ்வாய் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் அடுத்த நாலு சந்தைத் தேதியை முதல் நாளே கேட்டு நோட்டுல எழுதுங்க. சந்தையன்னிக்கு ஊர்ல கிழவன் கிழவிதான் இருப்பாங்க. வெள்ளி மசூதி, ஞாயிறு சர்ச், ரெண்டும் அந்தப் பக்கம் உண்டு.

#11 மாவுப்பூச்சி

அம்மிணிக்கும் ஐ.ஐ.டி.ஏ.வுக்கும் ஏற்கனவே ஒரு உறவு இருக்கு, அது தெரிஞ்சுட்டுப் போறது நல்லது.

மரவள்ளி மாவுப்பூச்சி தென் அமெரிக்காவுல இருந்து 1970கள்ல ஆப்பிரிக்காவுக்குள்ள நுழைஞ்சு காட்டைக் காலி பண்ணுச்சு. ஹான்ஸ் ஹெர்ரன் தலைமையில ஐ.ஐ.டி.ஏ.காரங்க, பராகுவேயில கிடைச்ச அனகைரஸ் லோபெசிங்கிற குட்டிக் குளவியை வளர்த்து, 1981ல இருந்து விட்டு அடக்கினாங்க. அதுக்கு ஹெர்ரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு. அதே பூச்சி 2020ல கேரளாவுல திருச்சூர்ல தலைகாட்டி, அடுத்த வருஷத்துக்குள்ள சேலம், நாமக்கல், தருமபுரினு பரவுச்சு. குருத்து சுருங்கிக் கொத்தா நிக்கும், இடைக்கணு குறுகும், குச்சியே கோணலாகும். பெங்களூரு என்.பி.ஏ.ஐ.ஆர். (தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம்) அந்தக் குளவியைப் பெனின் நாட்டு ஐ.ஐ.டி.ஏ.வுல இருந்து தருவிச்சு, 2022 மார்ச்சுல ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துல வெளியே விட்டாங்க. இப்ப உங்க ஊர்க் காட்டுல பறக்கிறது அந்த வம்சம்.

இது கேள்வித்தாளுக்கும் ஆகும். கொத்துக் குருத்துப் படத்தைக் காட்டி "இதைப் பார்த்திருக்கீங்களா, பேர் என்ன"னு கேளுங்க. ஆனா பதிலைப் பார்த்து ஏமாறாதீங்க. சேந்தமங்கலத்து இருபது வயசுப் பையன் 2021ஐக் கண்ணால பார்த்தவன், உடனே சொல்லுவான். ஓயோவுல அந்த வயசுக்காரர் பெரிய சேதத்தைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு, அவர் பிறக்கறதுக்கு முன்னாடியே குளவி வேலையை முடிச்சிடுச்சு. "அங்கே பூச்சி அறிவு குறைவு"னு எழுதிடாதீங்க.

முக்கியமா: திரும்பி வர்றப்ப ஒரு குச்சி, ஒரு இலை, ஒரு பிடி மண்ணு கூடக் கொண்டு வரக் கூடாது. 2003 பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அங்கத்தி தாவர நலச் சான்றும் இல்லாம எதுவும் வரக் கூடாது. பூட்ஸ் அடியில ஒட்டின மண்ணையும் அங்கேயே கழுவிடுங்க. இங்கேயிருந்து ஆய்வுக்கு விதை கொண்டு போறதும் அப்படித்தான், என்.பி.பி.ஜி.ஆர். (தேசிய தாவர மரபணு வள நிறுவனம்) வழியாத்தான் போகணும். "ஒரே ஒரு குச்சிதானே"னு ஆரம்பிச்சுத்தான் எல்லாப் பூச்சியும் கடல் தாண்டுச்சு.

#12 பெட்டி படுக்கை

காகித வேலை ஒண்ணு, யாரும் சொல்லலை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காமாலை இல்லீங்க, ஊசி போடப் போற இடத்துலயே சிலர் குழப்பிக்கிறாங்க. நைஜீரியாவுக்குள்ள நுழையறதுக்கும் கேப்பாங்க, இந்தியாவுக்குத் திரும்பறதுக்கும் கேப்பாங்க. சான்று இல்லாம திரும்பினா ஆறு நாள் தனிமைப்படுத்தல். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டாங்க, அரசு அங்கீகரிச்ச மையம்தான், சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதுல ஒண்ணு. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்று செல்லும். முன்பதிவு நாள் கிடைக்காம இழுக்கும், அதனால டிக்கெட் எடுத்த கையோட பாருங்க. 2016ல இருந்து வாழ்நாள் முழுக்கச் செல்லும். பேரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். முட்டை ஒவ்வாமை இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. மலேரியா மாத்திரையும் அவர்கிட்டயே கேளுங்க. டாக்சிசைக்ளின் கொடுத்தா போறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, திரும்பி வந்து நாலு வாரம் வரைக்கும் விடாமச் சாப்பிடணும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திடறதுதான் வழக்கமான தப்பு.

நேரம் நம்மளை விட நாலரை மணி பின்னால. பிளக் பெரும்பாலும் சதுர மூணு கால்.

#13 ராசிபுரத்து அம்மிணி

ஊசிக்கு இன்னிக்கே பார்க்கிறேனுங்க. வீட்டுல சுத்த சைவம். சாப்பாடு?

#14 பெட்டி படுக்கை

அக்காரானு ஒண்ணு விப்பாங்க, தட்டப்பயிறை ஊறவெச்சுத் தோல் நீக்கி அரைச்சு எண்ணெயில போட்ட வடைதான், வெங்காயம் மிளகாய் உண்டு. நேந்திரம் மாதிரி வாழைப்பழ வறுவலுக்குப் பேர் டோடோ. இது ரெண்டும் காலையில தைரியமாச் சாப்பிடலாம். குழம்பு வகையிலதான் ஜாக்கிரதை. "கறி இல்லை"னு சொன்னாலும் காய்ஞ்ச கூனிறால் பொடி போட்டிருப்பாங்க, அது அவங்களுக்குக் கறிக் கணக்குல வராது, உப்புக் கணக்கு. இறால் பொடியும் வேண்டாம், மீனும் வேண்டாம்னு பேர் சொல்லிக் கேளுங்க. இங்கேயிருந்து பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடி அரைச்சது கொண்டு போகலாம். முழுசா இருக்கிற பயறு, கடுகு வேண்டாம், முளைக்கிற எதுவும் சோதனையில தகராறு.

#15 விரிவாக்கம்

கண்ணு, பேட்டி எடுக்கற இடத்துல ரெண்டு விஷயம். யொரூபா ஊர்ல சின்னவங்க பெரியவங்களைக் கண்டா பசங்க விழுந்தும் பொண்ணுங்க மண்டி போட்டும் வணங்குவாங்க. விருந்தாளிகிட்ட அவ்வளவு எதிர்பார்க்க மாட்டாங்க, ஆனா குசலம் விசாரிக்காம நேரா கேள்விக்குப் போனா முகம் சுண்டிடும். வீடு, பிள்ளை, மழை, காடு எல்லாம் கேட்டுட்டுத்தான் நோட்டைத் திறக்கணும். நம்ம பக்கத்துல "வாங்க, தண்ணி குடிங்க" ஆகாம யாரு பேச்சை ஆரம்பிக்கிறா?

ரெண்டாவது, காசு. "ஒரு லட்சம் நைரா கிடைச்சா என்ன தொழில் செய்வீங்க"னு கேக்காதீங்க. அடுத்த நாள் ஊர் பூரா "லட்சம் தர்றாங்களாம்"னு பரவி, வரிசையில எல்லாரும் தொழில் திட்டம் சொல்லுவாங்க. பேட்டி தொடங்கறப்பவே "எங்க கையில கொடுக்கறதுக்கு எதுவும் இல்லை, பேர் எழுத மாட்டோம், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாம விடலாம்"னு மொழிபெயர்ப்பாளரை யொரூபாவுல மனப்பாடமாச் சொல்ல வையுங்க. அவர் உங்க கேள்வியைச் சுருக்குவார், பதிலையும் சுருக்குவார். ரெண்டு நிமிஷம் பேசினவர் சொன்னது "முடியாதாம்"னு ஒரு வார்த்தையில வந்தா நிறுத்தித் திரும்பக் கேளுங்க. சம்மதம் வாங்கி ஒலிப்பதிவு வெச்சுக்கிட்டா பத்துல ஒண்ணை வேற ஆளை வெச்சுச் சரிபார்க்கலாம்.

#16 நொய்யல்கரை

நிலத்தைப் பத்தி ஒரு வரி. நைஜீரியாவுல 1978 நிலப் பயன்பாட்டுச் சட்டப்படி மாநில நிலம் ஆளுநர் பொறுப்புல. ஊர்ல நடைமுறை குடும்ப நிலம், பெரியவர் பிரிச்சுக் கொடுக்கிறது. அதனால "பட்டா யார் பேர்ல"னு நம்மூர்க் கேள்வியை அப்படியே கொண்டு போனா அர்த்தமே இருக்காது. "இந்தத் துண்டை யார் காட்டிக் கொடுத்தாங்க, இதுல மரம் நட உங்களுக்கு உரிமை உண்டா"னு கேளுங்க. மரம் நட விட மாட்டாங்கன்னா அது இரவல் நிலம். மரவள்ளி வருஷத்துல எடுத்துடற பயிர், அதுக்கு விடுவாங்க. கோகோ நட விட மாட்டாங்க.

நம்ம பக்கத்து ஒத்திகையில மட்டும் பட்டாவைக் கேளுங்க. கூடவே ஒண்ணு: கொங்கு ஊர்கள்ல இருபத்தஞ்சு தாண்டின பையன் பண்ணையத்தை விடறதுக்கு விலையும் தண்ணியும் மட்டும் காரணம் இல்லை. பொண்ணு பார்க்கப் போற இடத்துல எட்டு ஏக்கர் தோட்டம்னா காதைத் தீட்டிக் கேப்பாங்க. "மாப்பிள்ளை தோட்டத்துலதான் இருக்கார்"னா அத்தோட பேச்சு முடிஞ்சுது. இந்தக் கேள்வியைக் கேள்வித்தாள்ல வெச்சா ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டான், கட்டம் காலியாத்தான் இருக்கும். குழுவா உக்கார வெச்சு, "இந்த ஊர்ப் பசங்க"னு பொதுவாக் கேட்டா கொட்டித் தீர்த்துடுவாங்க.

#17 ராசிபுரத்து அம்மிணி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. 40 கேள்வி 22 ஆயிடுச்சு. முதல் பகுதி ஏழு நாள் வேலைக் கணக்கு, ரெண்டாவது நிலம், மூணாவது கடைசி விற்பனை (எந்த நிலையில கையை விட்டுப் போச்சு), நாலாவது வெளியூர் போனவங்க. படம் காட்டற கேள்வி கடைசியில. குழுப் பேச்சு தனியா, பசங்க ரெண்டு, பொண்ணுங்க ரெண்டு. ஞாயித்துக்கிழமை மல்லசமுத்திரம் பக்கம் 10 பேர்கிட்ட ஒத்திகை. ஒண்ணே ஒண்ணு: ஏழு நாள்ங்கிறது இங்கே சரி. நாலு நாள் சந்தை ஓடற ஊர்ல ஏழு நாள் கணக்கு ஞாபகத்துல நிக்குமா?

#18 களக்குறிப்பு

நல்ல கேள்வி. கிழமையை வெச்சுக் கேக்காதீங்க, சந்தையை வெச்சுக் கேளுங்க: "போன சந்தைக்கும் அதுக்கு முந்தின சந்தைக்கும் நடுவுல". அப்புறம் "போன சந்தையில இருந்து இன்னிக்கு வரைக்கும்". ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, எத்தனை நாள்னும் பக்கத்துல எழுதுங்க, நாளுக்கு இத்தனை மணின்னு ஆக்கினா இங்கத்திய ஏழு நாளோட பொருந்திடும். சர்ச்சுக்குப் போறவங்களுக்கு ஞாயிறு ஒரு அடையாளம், அவங்ககிட்ட ஏழு நாள் ஓடும். ஒத்திகையில முதல் ரெண்டு பேருக்கு நிமிஷம் பாருங்க. 35 தாண்டினா இன்னும் நாலு கேள்வியை வெட்டணும்.

#19 குச்சிக்காடு

மல்லசமுத்திரம் பக்கம்னா ஞாயிறு காலையில போகாதீங்க அம்மிணி, பசங்க கோழிப்பண்ணையில தீவனம் போட்டுட்டு ஒன்பதரைக்கு மேலதான் வருவாங்க. சாயங்காலம் நாலு மணி, டீக்கடை.